எந்த நிபந்தனையில் வெடிக்கும்

போன வாரம் கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ஒரு கூட்டம். குளிரூட்டிய அறை, நீள மேசை, தட்டுத் தட்டாகப் பற்றீஸ். நாட்டுக்கு ஐதரசன் எரிபொருள் கொண்டுவரப் போகிறார்களாம். கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் திரையில் படம் காட்டினான். வெயிலிலிருந்து மின்சாரம், அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன், மிச்ச மின்சாரத்தைச் சேமிக்க நனோ கூட்டுப்பொருளால் செய்த மின்வாய்கள். நிக்கலும் கோபாற்றும் சேர்ந்த ஒட்சைட்டு, அதைத் தாங்கச் சிரட்டைக்கரி. துருத்தடுப்பு ஆலோசனைக்கென்று போயிருந்த நான் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டேன். முதலீடு செய்ய வந்திருந்த ஒரு பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார், "இது வெடிக்காதுதானே?" அறை முழுக்கச் சிரித்தது. நான் எழுந்து வெளியே போனேன். ஒருவரும் கவனிக்கவில்லை. நடுவயதுப் பெண்கள் கூட்டத்தின் இடையில் எழுந்துபோனால் கழிப்பறைக்கு என்றுதான் நினைப்பார்கள்.

உனக்கு எழுத வேண்டும் என்று அந்த வராந்தாவில் நின்றபோதுதான் முடிவுசெய்தேன். நீ போய் இத்தனை வருடமாகியும் உன்னோடு எனக்குச் சண்டை முடியவில்லை. செத்தவர்களைப் பற்றி எழுதும்போது பூப்போல எழுத வேண்டுமாம். எனக்கு அது வராது. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். உன் நினைவு வரும்போது கண்ணீர் வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உனக்கு ஒரு வியாதி இருந்தது. எதைக் கேட்டாலும் நேரே பதில் சொல்ல மாட்டாய். "எந்த நிபந்தனையில?" என்பாய். கம்பஸ் கன்ரீனில் "தேத்தண்ணி சூடாயிருக்கோ?" என்று கேட்டால், "நீ எப்ப குடிக்கப்போறாய் எண்டதைப் பொறுத்தது" என்பாய். மழை வருமா, பஸ் வருமா, அந்தப் பொடியன் உன்னைத்தான் பார்க்கிறானா, எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை. ஒருநாள் உன்னை மடக்க நினைத்து, "எடி, நான் செத்துப்போனால் அழுவியோ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாய். பிறகு, "நான் அப்ப இருந்தால், ஓம்" என்றாய். "சனியனே" என்று சொல்லி உன் தலையில் குட்டினேன். நீ தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாய்.

நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் முடித்து, ஒரே பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நான் எடுத்துக்கொண்டது துரு. கப்பலிலும் பாலத்திலும் துருப் பிடிக்காமலிருக்க என்ன பூசலாம் என்கிற, யாருக்கும் தொந்தரவு தராத விஷயம். நீ மின்வாய்களை எடுத்தாய். தண்ணீரைப் பிரிப்பதற்கும் மின்சாரத்தைத் தேக்கிவைப்பதற்கும் ஒரே மின்வாய் வேண்டும் என்றாய். "இரண்டுக்கும் ஒண்டு எண்டால் ஏழைச்சனம் வாங்கலாம்" என்றாய். வன்னியில் உன் ஊருக்கு மின்சாரக் கம்பம் வந்து, போரில் விழுந்து, பிறகு வரவேயில்லை. ரேடியோவுக்குப் போடுகிற பற்றரியைக்கூடத் தடைசெய்து வைத்திருந்த காலத்தில் நீ பள்ளிக்கூடம் போனவள். முடிந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து, உப்புத்தண்ணீரில் போட்டு, இன்னும் ஒரு செய்தியறிக்கை கேட்கப் பார்த்த வீடு உங்களுடையது. உனக்கு அது ஆராய்ச்சித் தலைப்பு இல்லை, வயிற்றெரிச்சல்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஓர் அன்ரியின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாய். அன்ரி தேங்காய் திருவினால் சிரட்டையை எறிய விடமாட்டாய். அதைப் பின்முற்றத்தில் தகரப் பேணிக்குள் மூடி எரித்து, கரியை உரலில் இடித்து, கழுவி, காயவைத்து, மாவரிக்கும் அரிதட்டில் அரிப்பாய். அந்த அரிதட்டு அன்ரியுடையது என்பதால் வீட்டில் ஒருநாள் பெரிய சண்டை. லாபில் அந்தக் கரித்தூளை உலோக உப்புகளோடு மூடிய பாத்திரத்தில் சூடாக்குவாய். நிக்கல் கோபாற்று ஒட்சைட்டு கரியின் மேல் ஊசி ஊசியாக முளைக்கும். ஒரு தலைமயிரை ஆயிரமாகப் பிளந்தால் வருகிறதைவிட மெல்லிய ஊசிகள். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் கொஞ்சத் தூளுக்குள் அவ்வளவு பெரிய பரப்பு, அந்தப் பரப்பில்தான் எல்லா வேலையும் நடக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்துவாய். பிறகு அதைப் பசைபோலக் குழைத்து நிக்கல் வலையில் பூசுவாய். பார்த்தால் அடுப்புக்கரி பூசிய கம்பிவலைதான். அதை நீ கையிலெடுக்கிற பக்குவத்தைப் பார்த்தால் பிறந்த குழந்தை என்று நினைக்கலாம்.

மின்வாய் நன்றாக வேலைசெய்தால் மட்டும் போதாது, நாள்கணக்காக இடைவிடாமல் வேலைசெய்து காட்ட வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் அந்தப் பரிசோதனை பிழை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் லாபைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பின்னேரம் பூட்டி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுவார்கள். பேச்சில் மட்டும் போர்நிறுத்தம் இருந்த காலம் அது. கொழும்பில் மறுபடி குண்டுகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன, மறுபடி சோதனைச் சாவடிகள். நீ என்ன செய்தாய்? பரிசோதனையை அப்படியே தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை அறைக்கு வந்துவிட்டாய்.

அந்த அறையை முதன்முதலாகப் பார்த்தபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை. மேசையில் ஒரு ஜாம் போத்தல், அதற்குள் கரிய தகடுகள், அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாய் வயர்கள். வயர்கள் போய்ச் சேருவது ஒரு மோட்டார்சைக்கிள் பற்றரியில். பக்கத்தில் நேரம் பார்த்துக் குறிக்க ஓர் அலாரம் மணிக்கூடு. சவர்க்காரப் பெட்டியில் கரிய தூள்.

"எடி விசரி," என்றேன், "ஒரு பொலிஸ்காரனுக்கு இதுக்கு மேல என்னடி வேணும்? வன்னி அடையாள அட்டை, வயர், பற்றரி, மணிக்கூடு, கறுத்தத் தூள். உன்ர படத்தையும் மேல மாட்டிவிடு, அவங்களுக்கு வேலை சுகம்."

"இது மின்வாய்," என்றாய். "கேட்டால் விளங்கப்படுத்தலாம்."

"ஆருக்கு?"

"ஆர் கேட்டாலும்."

அதுதான் நீ. விளங்கப்படுத்தினால் எல்லாருக்கும் விளங்கும் என்று நம்பினாய். தமிழ்ப் பிள்ளைகள் கொழும்பில் எதை வேண்டுமானாலும் நம்பலாம், அதை மட்டும் நம்பக்கூடாது என்று உனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னேன். நீ கேட்கவில்லை.

ஆமி ஒழுங்கையைச் சுற்றிவளைத்த விடியற்காலை நானும் அங்கேதான் இருந்தேன். முதல்நாள் மழையில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்ப முடியாமல் உன் அறையில் தங்கியிருந்தேன். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆமிக்காரர் நிற்கிறார்கள் என்று அன்ரி ஓடிவந்து சொன்னார். வீடு வீடாக வருகிறார்கள். அன்ரி சுவரிலிருந்த மகனின் படத்தைக் கழற்றினார். பழைய பேப்பர்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் பழகிப்போன வேலை அது, கதவு தட்டுவதற்குள் வீட்டைத் துப்புரவாக்குவது. பிறகு உன் மேசையைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"பிள்ளை, உதைக் கழட்டி எறி. கடவுளே, உதைக் கழட்டு!"

"அன்ரி, இண்டைக்கு மத்தியானத்தோட முடியுது. இப்ப கழட்டினால் முழுக்கப் போயிடும்."

நான் வயரில் கைவைத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். இவ்வளவு மெலிந்த கைக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "தொடாதை" என்றாய். நாங்கள் அப்படி இழுபட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் கதவு தட்டுப்பட்டது.

வந்த இன்ஸ்பெக்டரை இன்றைக்கும் தெருவில் கண்டால் அடையாளம் சொல்வேன். நடுத்தர வயது, தொப்பை, விடியவிடிய நித்திரையில்லாத கண். பின்னால் ஒரு கொன்ஸ்டபிள், வாசலில் துவக்கோடு ஓர் ஆமிக்காரன். அடையாள அட்டைகளைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கரிய தகட்டிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் மேலே வந்துகொண்டிருந்தன. நான் முந்திக்கொண்டு என் கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். கம்பஸ் பிள்ளைகள், சயன்ஸ், பரீட்சைக்கான வேலை, பேராசிரியர் பெயர் இது, தொலைபேசி எண் இது. தன் மகளும் சயன்ஸ்தான் படிக்கிறாள் என்றார் அந்த மனிதர். முகம் கொஞ்சம் இளகியது. அடையாள அட்டைகளைத் திருப்பித் தந்தார். போகத் திரும்பினார். திரும்பியவர், சும்மா, வேலையை முடித்துவைப்பதற்காகக் கேட்டார்.

"மேக்க புபுரன்னே நே, நேத?"

இது வெடிக்காது, அப்படித்தானே? கேட்ட மாதிரியிலேயே பதிலும் இருந்தது. "நே சர்" என்றேன் நான். இல்லை சேர். முடிந்தது. அவர் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார்.

நீ வாயைத் திறந்தாய். புத்தகத்தில் படித்த சிங்களம் உன்னுடையது. மெதுவாக, பிழையே இல்லாமல் சொன்னாய். இந்தப் போத்தல் வெடிக்காது. ஆனால் இதிலிருந்து வருகிற வாயுவை மூடிய இடத்தில் சேர்த்து, காற்றோடு குறிப்பிட்ட அளவுக்குக் கலந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும்.

ஐயோ, என்ர அம்மாளாச்சி! அந்த மனிதனின் முகம் எப்படி மாறியது என்று நீ பார்க்கவில்லை, நீ போத்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. எரிச்சல் வந்தது, பிறகு ஒரு கவலை. கொன்ஸ்டபிள் கேட்டுவிட்டான். வாசலில் நின்ற ஆமிக்காரன் கேட்டுவிட்டான். இனி அவர் கேட்காத மாதிரிப் போக முடியாது. அந்த மனிதர் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம், நீ கூப்பிட்டுத் திருப்பினாய்.

உன்னைக் கொண்டுபோனார்கள். போத்தல், பற்றரி, மணிக்கூடு, சவர்க்காரப் பெட்டி எல்லாவற்றையும் பொலித்தீன் பைகளில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். ஜீப்பில் ஏறும்போது நீ என்னைப் பார்த்துச் சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா? "எத்தினை மணிக்குக் கழட்டினவங்கள் எண்டு குறிச்சு வை." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னை அந்த ஜீப்பிலேயே போட்டு அடித்திருப்பேன்.

முதலில் பொலிஸ் நிலையம். பிறகு விசாரணைக்கென்று வேறொரு கட்டடம், அங்கே என்னை விடவில்லை. அவசரகாலச் சட்டத்தில் ஒருவரை எவ்வளவு காலமும் வைத்திருக்கலாம் என்று சட்டத்தரணி சொன்னார். அதன் பிறகு சிறைச்சாலை, பார்க்கப் போகிற நாட்கள். எங்கள் வீட்டில் என்னைப் போகவேண்டாம் என்றார்கள். "உனக்குப் பின்னால உன்ர தம்பி இருக்கிறான், நினைச்சுப் பார்" என்றார் அப்பா. நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், நீ ஒரு சுற்று மெலிந்திருந்தாய். இரண்டு கைப் பெருவிரல்களும் வீங்கியிருந்தன. என்ன என்று கேட்டேன். "கதவில நசிஞ்சது" என்றாய். நீ எனக்குச் சொன்ன முதல் பொய் அதுதான். இரண்டு பெருவிரலும் ஒரே கதவில் நசியுமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"என்ன கேட்கினம்?"

"அதையேதான். வெடிக்குமோ எண்டு."

"நீ என்ன சொல்லுறாய்?"

"எந்த நிபந்தனையில எண்டு சொல்லுறன்."

எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "இல்லை எண்டு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. நே. சொல்ல ஏலாட்டி மண்டையையாவது ஆட்டு. அவங்கள் என்ன உன்ர ஆய்வுக்கட்டுரையைத் திருத்துறாங்களே?"

"பொய் எல்லோ?"

"எந்த நிபந்தனையில பொய்?" என்றேன்.

நீ சிரித்தாய். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்தினாய். நான் சொல்லிக்கொடுத்ததற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அதே கம்பிக்கு முன்னால் மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு நீ வெளியே வரவேண்டியிருந்தது, வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பேராசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். பயந்த மனிதர், சிங்களவர், ஓய்வுபெறக் கொஞ்சக் காலம்தான் இருந்தது. தன்பாட்டில் இருந்திருக்கலாம். விசாரணைக்காரர்களிடம் தானாகப் போய், இது என் மாணவி, இது என் ஆராய்ச்சி, அது வெறும் கரியும் ஒட்சைட்டும் என்று சொன்னார். அவர்கள் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, சொன்னால் போதாது, செய்து காட்டச் சொல்லுங்கள் என்றார்களாம். போத்தலில் குமிழி வந்தால் அது தண்ணீரைப் பிரிக்கிற கருவி என்று எழுதி, விடுவிக்கச் சொல்லி வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடலாமாம். வராவிட்டால், அப்படியென்றால் இது என்ன என்று தொடக்கத்திலிருந்து தொடங்குவார்கள்.

செய்து காட்டுகிற நாளும் வந்தது. ஓர் ஆய்வுகூடத்தில் எங்களுக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். பேராசிரியருக்கு, எங்கள் சேருக்கு, உதவியாள் என்று சொல்லி நானும் போனேன். மேலதிகாரி ஒருவர் கதிரையில் இருந்தார், சுற்றி நாலைந்து பேர். உன்னை ஒரு பெண் கொன்ஸ்டபிள் கூட்டிவந்தாள். முத்திரையை உடைத்து மின்வாயை எடுத்தார்கள். இவ்வளவு காலம் பையில் கிடந்து காய்ந்து, பூச்சில் பாதி உரிந்து, பையின் அடியில் தூளாகக் கிடந்தது. நீ அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை நீயே கலந்தாய். கிளிப்பை இறுக்க உன் பெருவிரலால் முடியவில்லை. இரண்டு முறை வழுகியது. நான் கையை நீட்டி இறுக்கினேன். யாரும் தடுக்கவில்லை.

மின்சாரம் கொடுத்தோம். ஒன்றுமில்லை.

சேர் தொண்டையைச் செருமினார். மேலதிகாரி மணிக்கட்டைப் பார்த்தார். நான் மனதுக்குள் எனக்குத் தெரிந்த கடவுள்கள் எல்லாரையும் கூப்பிட்டேன், கொச்சிக்கடை அந்தோனியார் உட்பட. நீ மட்டும் அவசரப்படவில்லை. கரிக்குள் கரைசல் ஊற வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஒரு குமிழி. தகட்டின் ஓரத்தில், கடுகைவிடச் சின்னதாக. அது விட்டுப்போக இன்னொன்று. பிறகு உரிந்துபோன இடங்களைத் தவிர எல்லா இடத்திலிருந்தும் பொலபொலவென்று வந்தது. ஐயோ, உன் மின்வாய் வேலைசெய்தது! பாதிப் பூச்சோடு, அவ்வளவு கேடு செய்த பிறகும் வேலைசெய்தது. சேர் தன்னை மறந்து அவர்களுக்கு மின்னோட்ட அடர்த்தி பற்றி விளக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அந்த மேசையில் தலையை வைத்து அழ வேண்டும்போல இருந்தது.

மேலதிகாரி கையைக் காட்டிச் சேரை நிறுத்தினார். உன்னைப் பார்த்தார். "இது வெடிக்குமா?" என்றார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. சேரைப் பார்க்கவில்லை. போத்தலையும் பார்க்கவில்லை.

"நே சர்," என்றாய்.

சேர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், மாணவி பிழையாகச் சொன்னால் திருத்துகிற வாய். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். நல்லாகத்தான் மிதித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

நீதிமன்றம் உன்னை விட்ட நாளில் நான் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்து நின்றேன். காலிக்குப் போகிற கடலோர வீதியில் வரும்போது வாய் ஓயாமல் கதைத்தேன். கம்பஸ் கதை, பேராசிரியருக்குக் கால் வீங்கின கதை, அன்ரி புது அரிதட்டு வாங்கின கதை. நீ கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். "பசிக்குதோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றாய். "ரொட்டியோ சோறோ?" "எதெண்டாலும்." சாப்பாட்டுக் கடையில் இருந்து, "கறி உறைக்குதோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றாய். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவு உறைப்பு. எந்த நிபந்தனையில என்று நீ கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

வெள்ளவத்தைக்கு நீ திரும்பிப் போகவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில், என் அறையில் இருந்தாய். அப்பா உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மீனாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டால் ஓம், கேட்டால் இல்லை. லாபுக்குப் போவோமா என்றால், இல்லை. சேர் உன் மின்வாயைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். நீ ஒருமுறையும் போய்ப் பார்க்கவில்லை. கதவில் யாராவது தட்டினால் நீ எழுந்து நின்று, கைகள் இரண்டையும் தெரியும்படி முன்னால் வைத்துக்கொள்வாய். தம்பி கொஞ்ச நாட்களுக்குக் கதவைத் தட்டாமல் ஜன்னலால் கூப்பிடப் பழகிக்கொண்டான்.

பிறகு ஒரு காலை, ஊருக்குப் போகிறேன் என்றாய். வன்னிக்குப் பாதை அப்போது திறந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் அயல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். "அங்க போய்ச் சாகப்போறியே? திரும்பச் சண்டை தொடங்கப்போகுது, உனக்குக் கண் தெரியேல்லையே?" என்றேன். "அம்மா தனிய" என்றாய். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நீ ஜன்னலால் கையசைக்கவில்லை, நானும் அசைக்கவில்லை. கோபத்தில் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

சண்டை தொடங்கிப் பாதையை மூடினார்கள். அதன் பிறகு ஒரேயொரு தொலைபேசி அழைப்பு. எங்கேயோ ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் நாள் முழுக்க வரிசையில் நின்று எடுத்ததாகச் சொன்னாய். இரைச்சலுக்குள்ளே உன் குரல். பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறாயாம். உடைந்த சூரியத் தகடு ஒன்று கிடைத்ததாம், பிள்ளைகளுக்குப் பென்சில் கரியால் தண்ணீரைப் பிரித்துக் காட்டினாயாம். "சிரட்டை இஞ்ச எவ்வளவும் கிடக்கு" என்றாய். "எடி, அங்க பயமில்லையோ?" என்று கத்தினேன்.

இரைச்சலுக்கு மேலாக, "எந்த நிபந்தனையில எண்டு கேள்" என்றாய்.

நான் சிரித்தேன். அப்படிச் சிரித்தேன், அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்துவிட்டார். பழைய நீ திரும்பி வந்துவிட்டாய் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எந்த நிபந்தனையில என்று நான் கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. கேட்டிருந்தால் நீ எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருப்பாய்.

போர் முடிந்து, முகாமெல்லாம் முடிந்து, உன் அம்மா கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டில் இருக்கிறார். நான் தேடிப்போனேன். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, தானாகவே எல்லாம் சொன்னார். தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே பதுங்குகுழி. உள்ளே நாக்கு வறண்டு கிடந்த சனம். செல்லடி ஓய்ந்த நேரம் பார்த்து இரண்டு பிளாஸ்ரிக் கான்களை எடுத்துக்கொண்டு நீ தண்ணீர் எடுக்கப் போனாயாம். ஓயவில்லை. உன்னைப் புதைத்த இடத்தை இப்போது கேட்டால் தனக்குக் காட்டத் தெரியாது என்றார். அழவில்லை, அழுது முடித்தவர். நான்தான் அழுதேன்.

பிறகு கேட்டார். "பிள்ளை, அவளை ஏன் பிடிச்சவை? அவள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

மறைக்க நினைக்கவில்லை. போத்தல், பற்றரி, மணிக்கூடு, அந்த இன்ஸ்பெக்டர், அவர் கேட்ட கேள்வி, நீ சொன்ன பதில், எல்லாம் சொன்னேன். முடித்துவிட்டு, "உண்மையைச் சொன்னவள், அம்மா" என்றேன்.

"அது எனக்குத் தெரியும், பிள்ளை," என்றார். "சின்னனிலயிருந்து அப்பிடித்தான். நான் கேட்டது, அவள் என்ன பிழை செய்தவள் எண்டு."

பொலிஸ்காரன் கேட்டால் மூச்சு விடுவதற்குள் எனக்கு ஒரு பதில் வரும். உன் அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறேன். தேத்தண்ணி தருவார், பழைய கதை கதைப்போம். எழுந்து செருப்பைப் போடும்போது வாசலில் நின்று அதையே கேட்பார், அவளில் என்ன பிழை, பிள்ளை? ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியோடுதான் ஒழுங்கையால் இறங்கி வீதிக்கு வருகிறேன்.